ஓட்டுப் போடாதவனின் வெற்றி

அந்தமானுக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் சிறைச்சாலையைப் பற்றி எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் கடலுக்கடியில் பவளம் பார்த்ததைப் பற்றி எழுதுகிறார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. நான் போனது அக்கா மகள் கல்யாணத்துக்கு. தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறையில் உட்காரவைக்க முடியாது என்று அக்கா மூன்று மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் என்று அந்தப் பெண்ணுக்கு இருப்பது நான் ஒருவன்தான்.

கல்யாணம் திங்கட்கிழமை. எங்கள் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அதற்கு முந்திய சனிக்கிழமை. விடிந்ததும் முதல் ஆளாகப் போய் ஓட்டைப் போட்டுவிட்டு ஹட்டனில் பஸ் ஏறியிருந்தால்கூட ஞாயிறு பொழுது சாய்வதற்குள் அக்கா வீட்டில் இருந்திருப்பேன். என் மனைவி லெச்சுமி இதைத்தான் சொன்னாள். அவளுக்குப் பாஸ்போர்ட் இல்லை, நான் மட்டும் போவதாக ஏற்பாடு. தோற்கப் போகிற ஓட்டுக்காக யாராவது ஓடி விழுந்து பயணம் போவார்களா என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையே போய்ச் சேருகிற மாதிரி கிளம்பிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முப்பது வருடமாகப் போட்டு என்னத்தைக் கண்டேன் என்று வேறு கேட்டேன்.

முப்பது வருடம் என்பது பேச்சுக்காகச் சொன்னதில்லை. தபால் ஆபீசில், எங்கள் பேச்சில் கந்தோரில், என்னோடு வேலை பார்த்த சோமபால என்ற சிங்களத் தோழன்தான் என்னை ஒரு சின்ன இடதுசாரிக் கட்சிப் பக்கம் இழுத்தவன். அன்றிலிருந்து பிரதேச சபையோ பாராளுமன்றமோ எது வந்தாலும் அதற்குத்தான் போட்டேன், அதுவும் ஒழுங்காகத் தோற்றுக்கொண்டே வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் காட்டுகிற பக்கம்தான் ஓட்டு விழும். லெச்சுமி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், அவளும் தலைவர் பக்கம்தான். முடிவு வந்த மறுநாள் கடையடியில் கேலி பேசுவார்கள். தோட்டத்தில் அந்தக் கட்சிக்கு இரண்டு ஓட்டு விழுந்திருக்கிறது, ஒன்று கந்தோர் ஐயாவுடையது, இன்னொன்று யாரோ கைதவறிப் போட்டது என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பால் சேர்க்காத சாயத்தண்ணி குடித்துவிட்டு வருவேன்.

வெள்ளிக்கிழமை காலை போர்ட் பிளேரில் இறங்கினேன். ஊரின் பெயரைச் சில நாட்களுக்கு முன்புதான் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருந்தார்கள். விஜயன் என்ற பெயருக்கு எங்கள் நாட்டில் வேறு கதை உண்டு, கப்பலில் வந்து இறங்கிச் சிங்களவர்களுக்கு முதல் ராஜா ஆனவன் என்று. அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இங்கேயுமா என்று இருந்தது. என்னை அழைத்துப்போக வந்த காதர் பாய்க்குப் புதுப்பெயர் வாயில் நுழையவில்லை. பழையதே வந்தது.

காதர் பாய் ராமநாதபுரத்துப் பூர்வீகம். பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அக்காவின் கணவர், என் அத்தான் முத்தையா, இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பியவர்களைக் குடிவைத்த நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நாளிலிருந்து அவருக்குச் சிநேகிதர். வீடு குட்வில் எஸ்டேட்டில் என்றார். எஸ்டேட் என்றதும் நான் பழக்கதோஷத்தில் மலையையும் கொழுந்தையும் தேடினேன். வரிசையாக வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான் இருந்தன, பேருக்குக்கூட ஒரு தேயிலைச் செடி இல்லை. மத்தியானம் புளி கரைத்து ஊற்றிய சுர்மாய் மீன் குழம்பு. சுர்மாய் என்றால் எங்கள் ஊரில் அறுக்குளா, தமிழ்நாட்டில் வஞ்சிரம். அப்படி ஒரு துண்டை நான் ஹட்டனில் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மலைக்கு வந்து சேருவதற்குள் எங்கள் மீனுக்கு வயதாகிவிடும். தேநீர்தான் சகிக்கவில்லை. பாலில் தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித் தந்தார்கள். தேயிலை நாட்டுக்காரன் குறை சொன்னால் நன்றாக இராது என்று இரண்டு கோப்பை குடித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் காதர் பாய் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாளைக்கு உங்க ஊர்ல வோட்டிங் தானண்ணே? உங்காளு லீடிங்ல வருவார்ங்கிறான் வாட்சாப்புல. நீங்க இங்கன வந்து உக்காந்திருக்கீக?"

எல்லாத் தேர்தலிலும் இப்படித்தான் சொல்வார்கள், எண்ணும்போது ஒன்றும் இருக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். சொன்னேனே தவிர மனசுக்குள் சுருக்கென்றது. இந்தத் தடவை கூட்டங்களுக்கு வந்த ஜனத்தை நானும் பார்த்தவன். நான் கிளம்புவதற்கு முதல்நாள் சோமபால வீட்டுக்கே வந்து, இரண்டு நாள் பொறுத்துப் போகக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். ஜெயித்துவிடுவோமோ என்ற நினைப்பை நான்தான் உள்ளே விடவில்லை. அத்தனை தடவை ஏமாந்தவனுக்கு நம்புவதற்கே பயம்.

சனிக்கிழமை விடியுமுன் அக்கா ஊரான ரங்கத்துக்குப் பஸ். எங்கள் ஊரிலும் அந்தமானிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டுகிறது, ஆனால் இங்கே சூரியன் ஒரு மணிநேரம் முந்திக்கொண்டு ஐந்துக்கே வந்து நிற்கிறது. வழியில் ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காடு குறுக்கிடுகிறது. அதற்குள் தனியாக எந்த வண்டியும் போக முடியாது. ஜிர்காடாங் என்ற இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி, குறித்த நேரத்துக்கு, முன்னும் பின்னும் காவலோடு ஒன்றாக அனுப்புகிறார்கள். இதற்குக் கான்வாய் என்று பெயர். எங்கள் பஸ் அதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே டயர் பஞ்சராகி நின்றது. மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆறு மணிக் கான்வாய் போய்விட்டது. அடுத்தது ஒன்பதுக்கு.

மூன்று மணிநேரம் சமோசாக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த காவலர் இலங்கையா என்று இரண்டு தடவை கேட்டார். பக்கத்தில் பாக்குக் கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வங்காளி விவசாயி இருந்தார். என் ஊரையும் அங்கே இன்று தேர்தல் என்பதையும் கண்டக்டர் அவருக்கு இந்தியில் சொல்ல, பெரியவர் என்னமோ நீளமாகச் சொன்னார். கண்டக்டர் தமிழ்க்காரர், திருப்பிச் சொன்னார். போன தேர்தலில் பெரியவர் மகள் வீட்டில், வேறொரு தீவில் இருந்தாராம். கடல் கொந்தளிப்பில் ஆறு மணிநேரம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து ஓட்டுப் போட்டாராம். அவர் ஆள் தோற்றுப்போனாராம். அதைச் சொல்லும்போது பெரியவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். நான் சமோசாவைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஏழு. ஓட்டுப் போட எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கதவு திறந்திருப்பார்கள்.

கான்வாய் கிளம்பியது. படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, கையைக் காலை வெளியே நீட்டக் கூடாது. முன் சீட்டுச் சுற்றுலாக்காரர்கள் அப்படியும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். அந்த மக்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதானே இத்தனை காவல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் அவர்கள் மேல்தானா என்பது வேறு விஷயம். மரங்கள் பஸ்ஸை உரசிக்கொண்டு போன அந்த நேரம் முழுக்க நான் பள்ளிக்கூட வரிசையில்தான் நின்றேன். யார் முன்னால் நிற்பார்கள், யார் குடையோடு வருவார்கள், எல்லாம் லெச்சுமி சொல்லித் தெரியும். வேலையில் இருந்தவரை தேர்தல் கடமைக்குப் போவதால் தபால் மூலம் ஓட்டுப் போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் அந்தச் சலுகை போயிற்று. இந்தத் தடவை நானே நேரில் போகவேண்டியது, போகவில்லை.

நீரிணையில் பஸ்ஸையே ஏற்றிக்கொண்டு போகிற படகில் கரை தாண்டினோம். அதில் ஒரு பெண் வெள்ளரிக்காயைக் கீறி, உப்பும் மிளகாயும் தடவி விற்றாள். அன்றைக்கு வழியில் நான் ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

ரங்கத் பஸ் நிறுத்தத்தில் அத்தான் நின்றார். சுனாமிக்குப் பிறகு கச்சாலை விட்டு வந்து இங்கே மளிகைக் கடை போட்டவர். வீட்டுக்குப் போனால் வாசலில் பந்தல், பந்தலடியில் அக்கா. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது இந்தியப் பிரஜை என்று எழுதிய காகிதத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறியவள். நடுவில் ஒரே ஒரு முறை திருச்சியில் பார்த்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். இந்தியாவில் ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். எங்கள் நாட்டில் சுண்டு விரல். அவள் இரண்டையும் பார்த்தாள்.

"மை எங்கடா? நீ ஓட்டுப் போடலியா? சச் சொல்லு, நெசத்தச் சொல்லு."

தேர்தலே இன்றைக்குத்தான், அதற்கு முன்னமே கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன். எப்படியும் ஜெயிக்கப் போவதில்லை என்று வழக்கமான பாட்டையும் பாடினேன். அக்கா கையை விட்டுவிட்டாள்.

"என்னைய ஓட்டு இல்லாதவளுன்னு சொல்லித்தான்டா கப்பல்ல ஏத்துனாங்க. அப்பா ஒரு தடவகூடப் போடாமலே செத்தாரு. நம்ம வீட்டுல அங்க ஓட்டு இருக்கிறவன் நீ ஒருத்தன். கல்யாணத்துக்கு ஞாயித்துக்கெழம வந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

தோட்டத்து மக்களுக்குக் குடியுரிமை இல்லாமல் இருந்த காலத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பா தேர்தல் நாட்களில் வேலைக்குப் போகாமல் லயத்தில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஓட்டுப் போடப் போகிற கடைக்காரர்களையும் கங்காணியின் மகனையும் பார்த்துக்கொண்டிருப்பார். பிற்பாடு எனக்கு ஓட்டு வந்தது. நான் அதைத் தோற்கிற கட்சிக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், அதுவே ஏதோ நான் காட்டுகிற தாராளம் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. ரங்கத்தில் அன்று சாயந்திரம் அது முழுக்க இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். பந்தலுக்கு ஓலை கட்டுகிறவர் தெலுங்கர், சமையலுக்கு வந்தவர் மதுரைக்காரர், பால் கொண்டுவந்தவள் ராஞ்சிப் பக்கத்துப் பெண். எல்லாரும் எல்லாரோடும் இந்தியில்தான் பேசினார்கள், அக்காவும் சர்வ சாதாரணமாகப் பேசினாள். எனக்குத் தேங்காய் துருவுகிற வேலை கொடுத்தார்கள். அத்தான் கடையில் டிவி ஓடியது. காலையிலேயே எங்கள் ஆள் முன்னணி என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் யாருக்கும் பாதிக்குமேல் கிடைக்கவில்லை, இரண்டாவது விருப்பு வாக்குகளை, அதாவது தோற்றவர்களின் சீட்டுகளில் இரண்டாவதாகக் குறித்த பெயர்களை, எண்ணப் போகிறார்கள் என்றார்கள். எங்கள் நாட்டில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. தேங்காய் மூடியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன், வந்து உட்காருவேன். ஒவ்வொரு ஓட்டாகத் தேடி எடுத்து எண்ணுகிற நாளில் என் ஓட்டு என்னோடு ரங்கத்தில் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அத்தான் கடையிலிருந்தே கூப்பிட்டார். "மச்சான், ஜீத் கயா, ஜெயிச்சாச்சு. முடிஞ்சிருச்சு. உங்காளுதான் ராஷ்டிரபதி." ஜனாதிபதிக்கு அங்கே அவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

முப்பது வருடம் காத்திருந்த சேதி. வந்தால் என்ன செய்வேன் என்று சோமபாலவும் நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹட்டன் கடைத்தெருவில் ஆடுவான், நான் கடையடியில் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தருவேன், இதுதான் ஏற்பாடு. இப்போது தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு நின்றேன். சந்தோஷம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அத்தான் விடுவதாக இல்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரிடமும், இந்தக் கட்சி ஒன்றுமே இல்லாமல் கிடந்த நாளிலிருந்து தவறாமல் ஓட்டுப் போட்டவர் என் மச்சான் என்று இந்தியில் அறிவித்தார். பக்கத்து மிட்டாய்க் கடை வங்காளி ஒரு சட்டி ரசகுல்லாவோடு வந்து, தன் கையாலேயே ஒன்றை என் வாயில் வைத்தார். சமையல்காரர் கையைக் குலுக்கினார். பந்தல்காரர் ஏணியில் இருந்தபடியே சலாம் வைத்தார். அசடு வழிய எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். எங்கள் மாகாண மந்திரிகள்கூட அப்படி வாங்கியிருக்க மாட்டார்கள். அத்தான் பெருமூச்சோடு, இந்தத் தீவுகளுக்கு ஒரு எம்.எல்.ஏ.கூடக் கிடையாது, நீங்கள் ஜனாதிபதியையே நேரடியாகப் போடுகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள் என்றார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அது எனக்கு வசவைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முருகன் கோயில் மண்டபத்தில் நான் பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுத்துக் கொடுத்து, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தேன். மாப்பிள்ளை மாயாபந்தர் துறைமுகத்தில் வேலை, அடக்கமான பையன். அங்கே கொழும்பில் அதே காலையில் புது ஜனாதிபதி பதவி ஏற்றார் என்று யாரோ போனில் காட்டினார்கள். பந்தி முடிந்ததும் ஒருவழியாக லெச்சுமி கிடைத்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து பேசினாள், பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"ஏங்க, ஒங்க ஆளு வந்துட்டாருங்க."

எல்லாம் வந்தது, எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, ஓட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறேன் என்றேன். இரண்டு நாளாக அடக்கியது அவளிடம்தான் வாய்விட்டு வந்தது.

"யாரு சொன்னா விட்டுட்டீங்கன்னு? ஒங்களுக்கும் சேத்து நான் போட்டுட்டேன்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். "ரேடியோவுல அத்தன நாளு சொன்னாங்களே, மூணு பேரு வரைக்கும் போடலாமுன்னு. தலைவருக்குச் சொன்ன சொல்லு இருக்குல்ல, அவரு காட்டுன ஆளுக்கு ஒரு புள்ளடி. ஒங்க ஆளுக்கு ஒங்க பேர நெனச்சுக்கிட்டு ஒரு புள்ளடி. ரெண்டையும் கோட்டுக்குள்ள பதனமாத்தான் போட்டேன். லயம் பூரா சொல்லிட்டேன், எங்க வீட்டு ஐயாவோட ஓட்டு வீணாப் போகலன்னு."

மூன்று பேருக்குப் போடலாம், உண்மைதான். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுத வேண்டும். புள்ளடி என்கிற பெருக்கல் குறி போட்டால் ஒரே ஒரு ஆளுக்குத்தான் போடலாம். ஒரே சீட்டில் இரண்டு புள்ளடி இருந்தால் அது யாருக்கும் சேராது, நிராகரித்த சீட்டுக் கட்டுக்குப் போய்விடும். வாக்கு எண்ணுகிற கடமையில் அப்படிப்பட்ட சீட்டுகளை என் கையாலேயே எடுத்து அந்தக் கட்டில் வைத்திருக்கிறேன். எந்த முட்டாள் இப்படிப் போடுகிறான் என்று சக எழுத்தரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

நான் அங்கே இருந்திருந்தால் அவள் வழக்கம்போல் தலைவர் பக்கம் போட்டிருப்பாள், நான் என் பக்கம் போட்டிருப்பேன், இரண்டும் எண்ணிக்கையில் ஏறியிருக்கும். முப்பது வருடத்தில் அவள் முதன்முறையாக என் கட்சிக்கு நேரே கையைக் கொண்டுபோனது நான் இல்லாததால். அது செல்லாமல் போனதும் நான் இல்லாததால்தான். ஒன்று என்று எழுது, இரண்டு என்று எழுது என்று வாசலில் நின்று சொல்வதற்கு எனக்கு அரை நிமிஷம் போதும்.

"என்னங்க, சரியாத்தானே போட்டேன்?"

"சரியாத்தான் போட்டிருக்க லெச்சுமி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்து, வீட்டில் என்ன சேதி என்று கேட்டாள். எனக்கும் சேர்த்து லெச்சுமியே ஓட்டுப் போட்டுவிட்டாளாம் என்று சொன்னேன். சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நம்ம வீட்டு ஓட்டு விழுந்துருச்சு" என்றாள்.

ஆமாம் என்றேன்.